தலசீமியா மைனர், டேவிட் வெதரால், அலெக்ஸாண்ட்ரா மருத்துவமனை

தம்பி, உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்தீர்கள். பெண்ணுக்குத் தலசீமியா மைனர், அதாவது பரம்பரை ரத்தக் கோளாறான தலசீமியாவின் ஒரு பிரதியை மட்டும் தாங்கியிருக்கும் லேசான நிலை, என்று வந்துவிட்டது. உங்கள் முழு முடிவு இன்னும் வரவில்லை, எம்சிவி, அதாவது சிவப்பணுவின் பருமன், குறைவு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஆலோசனை சொன்ன மருத்துவர் பேச்சுவாக்கில் டேவிட் வெதரால் என்று ஒரு பெயரைச் சொல்லி, அவருடைய ஆராய்ச்சியே இங்கே சிங்கப்பூரில்தான் ஆரம்பித்தது என்றாராம். அவர் யார், என்ன எழுதினார் என்பது முதல் கேள்வி. "இது சீனர்களுக்கு வருவது, நமக்கு ஏது" என்று உங்கள் அம்மா சொல்வது சரியா என்பது இரண்டாவது. இதையெல்லாம் வைத்து உங்கள் விஷயத்தில் என்ன புரிந்துகொள்வது என்பது மூன்றாவது.

நான் மருத்துவர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனவே நோயாளியின் கையைப் பிடித்துப் பேசுகிறவர் சொல்வது போல எனக்குச் சொல்ல வராது. ஆனால் வெதரால் என்ற பெயர் எங்கள் கூடத்தில் தினமும் புழங்கிய பெயர். அவர் எழுதிய தலசீமியா புத்தகம் முதலில் 1965இல் வந்தது. பிந்திய பதிப்புகளில் ஜான் கிளெக் என்பவரும் சேர்ந்துகொண்டார், நான்காம் பதிப்பு 2001இல். அலமாரியில் அது எப்போதும் இருக்கும், முதுகு கிழிந்து பிளாஸ்திரி ஒட்டிய நிலையில்.

சரி, கதைக்கு வருவோம். வெதரால் 1933இல் லிவர்பூலில் பிறந்தவர், அங்கேயே மருத்துவம் படித்தார். அந்தக் காலத்தில் பிரிட்டனிலும் கட்டாய தேசிய சேவை உண்டு. நம் பிள்ளைகள் இங்கே போகிறார்களே, அதே மாதிரிதான். 1950களின் கடைசியில் அவரை ராணுவ மருத்துவராகச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனையில் குழந்தைகள் வார்டை அவர் கையில் கொடுத்தார்கள். குழந்தை மருத்துவத்தில் அவருக்குத் தனிப் பயிற்சி எதுவும் கிடையாது. ராணுவத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? அந்த மருத்துவமனைதான் 1971இல் நம் அரசாங்கத்தின் கைக்கு வந்து அலெக்ஸாண்ட்ரா மருத்துவமனை ஆயிற்று. குவீன்ஸ்டவுன் பக்கம் குடியிருந்தவர்களுக்கு அந்த வெள்ளைக் கட்டடம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

வார்டில் ஒரு சின்னப் பெண் குழந்தை. கூர்க்காப் படைவீரர் ஒருவரின் மகள். கடுமையான ரத்த சோகை, ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருப்பாள் என்ற நிலை. காரணம் என்னவென்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. (இங்கே பலர் குழப்பிக்கொள்வார்கள். மவுண்ட் வெர்னனில் இருக்கும் கூர்க்காக்கள் நம் காவல்துறையின் படைப்பிரிவு, 1949இல் தொடங்கியது. இந்தக் குழந்தையின் தகப்பனார் பிரிட்டிஷ் ராணுவத்து கூர்க்கா.)

அப்போது இங்கே இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் வெல்லா என்று மால்டா தீவைச் சேர்ந்த ஓர் உயிர்வேதியியலாளர் வேலை பார்த்தார். விதவிதமான ஹீமோகுளோபின்களைத் தேடிக்கொண்டிருந்தவர். இளம் மருத்துவர் அவரிடம் போனார். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்க எலெக்ட்ரோஃபோரிசிஸ் என்ற முறை உண்டு. ஈரமான வடிகட்டிக் காகிதப் பட்டையில் ஒரு சொட்டு வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒவ்வொரு வகையும் தன் மின்னேற்றத்துக்குத் தக்க வேகத்தில் நகர்ந்து தனித்தனிக் கோடாக நிற்கும். அதற்கான மின்சாரத்துக்கு வெதரால் பயன்படுத்தியது கார் பேட்டரிகள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது காகிதம் போய் செல்லுலோஸ் அசிடேட் பட்டை வந்திருந்தது. சாயம் போட்டதும் சிவப்புச் சிவப்பாக எழும்பும் கோடுகளை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நல்ல கருவி இருந்தும் சில நாள் கோடு கலங்கிப்போய் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். இவர் கார் பேட்டரியை வைத்துக்கொண்டு, ஏசி இல்லாத சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அதைச் செய்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

வந்த பதில் தலசீமியா. அன்றைக்கு அது யாரும் எதிர்பாராத பதில். 1925இல் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்ற மருத்துவர் இந்த நோயை முதலில் விவரித்தபோது அது இத்தாலிய, கிரேக்கக் குடும்பத்துக் குழந்தைகளின் நோயாகத்தான் தெரிந்தது. 'தலஸ்ஸா' என்றால் கிரேக்கத்தில் கடல். மத்தியத் தரைக்கடலை நினைத்து 1932இல் இந்தப் பெயரைப் போட்டார்கள். கடலின் பெயரைக் கொண்ட நோய், கடலே இல்லாத நேபாளத்து மலைக் குடும்பத்தில் வந்து நின்றது.

வெதராலும் வெல்லாவும் 'கூர்க்காக் குடும்பம் ஒன்றில் தலசீமியா' என்று ஒரு சிறிய கட்டுரை எழுதி 1960இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். பாராட்டு வரும் என்று நினைத்திருப்பார். வந்தது கண்டனம். அனுமதி வாங்காமல் படைவீரர் குடும்பத்தைப் பற்றி எழுதுவது ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடிய குற்றம் என்று மேலிடம் எச்சரித்தது. பேர்போன கூர்க்காப் படைக்கு ரத்தத்தில் கோளாறு என்று எழுதுவதா என்ற கோபம். பிற்காலத்தில் 'சர்' பட்டம் பெற்றவர், ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் ஆராய்ச்சி நிலையமே தன் பெயரைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்தவர், தன் தலசீமியா வாழ்க்கையைத் திட்டு வாங்கித்தான் தொடங்கினார்.

அதே 1960இல் லான்செட் இதழில் அவர் இன்னொரு கட்டுரையும் வெளியிட்டார். பச்சிளம் குழந்தைகளின் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வருவதற்கும் ஒரு நொதிக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு பற்றியது. இங்கே குழந்தை பெற்ற எல்லோருக்கும் ஜி6பிடி என்ற எழுத்துகள் தெரியும், அந்த நொதிதான். அந்த விஷயத்தை ஊர் அளவில் எடுத்துச் செய்தவர் நம் பேராசிரியர் வோங் ஹாக் பூன். 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைப் பார்க்கிறோம். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி வெதரால் எழுதியவற்றில் உங்களுக்கு உண்மையாகவே உதவும் பகுதி. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த ஒரு கட்டு. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. தலசீமியாவில் இவற்றில் ஒன்று போதுமான அளவு உற்பத்தி ஆகாது. "ஹீமோகுளோபின் குறைகிறது, அதனால் சோகை" என்று சொல்லி முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அதை வைத்து இந்த நோயின் கொடுமையை விளக்க முடியாது. வெறும் குறைவு என்றால் சிவப்பணு கொஞ்சம் வெளுத்து, சின்னதாக இருக்கும். அவ்வளவுதானே? ஏன் மண்ணீரல் வீங்க வேண்டும், ஏன் முகத்தின் எலும்பே உப்ப வேண்டும்?

வெதரால் ராணுவத்திலிருந்து விடுபட்டதும் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போனார். அங்கே கிளெக், நாட்டன் என்ற இருவரோடு சேர்ந்து இந்த இரண்டு சங்கிலிகளையும் தனித்தனியாகப் பிரித்து, எது எவ்வளவு உற்பத்தியாகிறது என்று அளக்கும் முறையை உருவாக்கினார். இளம் சிவப்பணுக்களுக்குக் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தைக் கொடுத்து, அது எந்தச் சங்கிலியில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று எண்ணுவது அந்த முறை. 1965இல் நேச்சர் இதழில் வந்தது. பீட்டா தலசீமியாவில் பீட்டா குறைகிறது, ஆனால் ஆல்ஃபா குறையவில்லை, அது பாட்டுக்கு வழக்கம்போல வந்துகொண்டே இருக்கிறது என்று அது எண்களாகக் காட்டியது. ஏதென்ஸ் நகரில் ஃபெசாஸ் என்ற மருத்துவர் அதற்குக் கொஞ்சம் முன்பு, 1963இல், இந்த நோயாளிகளின் எலும்பு மஜ்ஜை அணுக்களுக்குள் ஏதோ கட்டிகட்டியாகப் படிந்திருப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லியிருந்தார். இரண்டும் பொருந்திப்போயின. ஜோடி கிடைக்காத ஆல்ஃபாதான் அந்தக் கட்டி.

செருப்புப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். வலது கால் செருப்பு தைக்கிறவர் லீவு. இடது கால் செருப்பு தைக்கிறவர் நிறுத்தாமல் தைத்துக்கொண்டே இருக்கிறார். விற்பனைக்கு ஜோடி குறைவு என்பது ஒரு கஷ்டம். பட்டறை முழுக்க இடது கால் செருப்பு குவிந்து நடக்க வழியில்லாமல் போவது பெரிய கஷ்டம். தலசீமியாவில் நடப்பது இரண்டாவது. மிச்சமான சங்கிலிகள் அணுவுக்குள்ளேயே படிந்து, அது மஜ்ஜையை விட்டு வெளியே வருமுன்பே அதைக் கொன்றுவிடுகின்றன. உடம்பு "ரத்தம் போதவில்லை" என்று மஜ்ஜையை விரட்டுகிறது. மஜ்ஜை பெருத்து எலும்பைத் தள்ளுகிறது. செத்த அணுக்களை வாரிக் கொட்டும் மண்ணீரல் வீங்குகிறது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால் இதெல்லாம் அடங்கும். ஆனால் ஏற்றும் ஒவ்வொரு பையோடும் இரும்பு உள்ளே போகிறது, வெளியே போக உடம்பில் வழி இல்லை. அது இதயத்திலும் கல்லீரலிலும் தங்கும். முன்பெல்லாம் அந்த இரும்பை இறக்க வாரத்தில் ஐந்து ஆறு இரவு, தோலுக்கடியில் ஊசி செருகி, சிறிய பம்பு வைத்து எட்டு பத்து மணி நேரம் மருந்து ஏற்றுவார்கள். அந்தப் பம்போடு பள்ளி முகாமுக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். இப்போது வாய்வழி மருந்து வந்துவிட்டது.

இந்த 'மிச்சம்' என்ற கணக்கு பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக அவிழும். எடுத்துக்காட்டாக, பீட்டா மரபணு இரண்டிலும் ஒரே மாதிரிக் கோளாறு உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவர் மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார், இன்னொருவர் ஏற்றாமலே வளர்ந்து கல்யாணமும் செய்துகொள்கிறார். எப்படி? 1980களின் தொடக்கத்தில் வெதராலின் ஆக்ஸ்ஃபோர்டு குழு சைப்ரஸ் நோயாளிகளை ஆராய்ந்து ஒரு பதிலைக் கண்டது. இரண்டாமவருக்கு ஆல்ஃபா தலசீமியாவும் கூடவே இருந்தது. பீட்டா குறைவு, ஆல்ஃபாவும் குறைவு, எனவே மிச்சம் குறைவு. ஒரு கோளாறோடு இன்னொரு கோளாறு சேர்ந்து நோயாளியைக் காப்பாற்றியிருக்கிறது! செருப்புப் பட்டறையில் இடது கால்காரரும் அரை நாள் லீவு போட்ட மாதிரி.

இன்னொரு பதில், கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின். அதில் பீட்டாவுக்குப் பதில் காமா என்ற சங்கிலி இருக்கும். பிறந்து சில மாதங்களில் அது நின்றுபோகும். சிலருக்கு நிற்காமல் ஓரளவு தொடரும். அப்படித் தொடர்ந்தால் மிச்ச ஆல்ஃபாவுக்கு அதோடு ஜோடி கிடைத்துவிடும், நோய் லேசாகும்.

வயதான காலத்தில் வெதரால் அடிக்கடி போன இடம் இலங்கையின் குருநாகல். அங்கே ஹீமோகுளோபின் ஈ என்ற வகையும் பீட்டா தலசீமியாவும் சேர்ந்து வந்த நோயாளிகளை அவருடைய குழு ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தது. அதைப் பற்றிய கட்டுரை 2005இல் லான்செட்டில் வந்தது. நோயின் பெயர் ஒன்றாக இருந்தும், நோயாளிக்கு நோயாளி அதன் போக்கு மாறிக்கொண்டே போனது. பெயரைப் பார்த்ததும் ரத்தம் ஏற்றத் தொடங்காதே, முதலில் பிள்ளை எப்படி வளர்கிறது, எப்படி விளையாடுகிறது என்று கொஞ்ச காலம் கவனி என்ற அணுகுமுறைக்கு அந்த ஆராய்ச்சி வலு சேர்த்தது. என்னைக் கேட்டால் அவர் எழுதியதிலேயே மனிதர்களுக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது இதுதான். 1974இல் ஆல்ஃபா தலசீமியாவின் கொடிய வகையில் மரபணுவே முழுதாகக் காணாமல் போயிருக்கிறது என்று நேச்சரில் வந்த கட்டுரையைப் பெரிதாகச் சொல்வார்கள். பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரைக்கு ஒரு நல்ல கூடம் இருந்தால் போதும். குருநாகல் வேலைக்குப் பொறுமையும் வேண்டும்.

வெதரால் 2018 டிசம்பரில் காலமானார். அவர் பார்க்காமல் போன ஒன்றைச் சொல்ல வேண்டும். கரு ஹீமோகுளோபினை நிறுத்தும் விசை பிசிஎல்11ஏ என்ற மரபணு என்று பாஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் 2008இல் காட்டியிருந்தார்கள். நோயாளியின் மஜ்ஜை அணுக்களை வெளியே எடுத்து, அந்த விசையை வெட்டிவிட்டு, திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது, கேஸ்கெவி என்ற பெயரில். காமா சங்கிலி மறுபடி ஓடத் தொடங்கும், மிச்ச ஆல்ஃபாவுக்கு ஜோடி கிடைக்கும். கணக்கு அதே பழைய கணக்குதான். விலைதான் யாரும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இப்போது அம்மாவின் கேள்வி. "சீனர்களுக்கு வருவது" என்பது பாதிதான் சரி. மலேரியா நெடுங்காலம் ஆட்டிப்படைத்த நிலப்பரப்பு எல்லாவற்றிலும் இந்த மரபணுக்கள் உண்டு. ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிலிருந்து கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்தது, அதனால் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டன. 1986இல் வெதராலின் குழு பாப்புவா நியூகினி பக்கத்துத் தீவுகளில் மலேரியா எங்கே அதிகமோ அங்கே ஆல்ஃபா தலசீமியாவும் அதிகம் என்று காட்டியது. இந்தியா இதற்கு விலக்கா என்ன? இந்தியர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் பீட்டா தலசீமியாவைத் தாங்கியிருக்கிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சிந்திகள், பஞ்சாபிகள், குஜராத்திகளிடம் அதிகம், தெற்கே குறைவு. குறைவு என்றால் இல்லை என்று பொருள் இல்லை.

இதே மாதிரி "நமக்கு வராது" என்ற பேச்சு, ஹீமோகுளோபினின் இன்னொரு பரம்பரைக் கோளாறான அரிவாள் அணு நோய்க்கும் இருந்தது. அது ஆப்பிரிக்கர்களின் நோய் என்றே நினைத்திருந்தார்கள். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரி மலைப் பழங்குடிகளின் ரத்தத்தில் அதைக் கண்டு எழுதினார்கள். நம் ஊட்டி மலையில்! அந்த லேமன்தான் பிறகு 1958இல் நம் வெல்லாவோடு சேர்ந்து, ஹீமோகுளோபின் கியூ என்ற புதிய வகையைப் பற்றி எழுதினார்.

சீனர்களிடம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது ஆல்ஃபா வகை. ஆல்ஃபாவுக்கு மொத்தம் நான்கு மரபணுக்கள். அப்பா பக்கத்திலிருந்து இரண்டு, அம்மா பக்கத்திலிருந்து இரண்டு. தென்கிழக்காசியாவில் ஒரே பக்கத்து இரண்டும் சேர்ந்து இல்லாமல் போவது சகஜம். பெற்றோர் இருவரும் அப்படி இருந்தால் நான்குமே இல்லாத குழந்தை உருவாகலாம். அது வயிற்றிலேயே நீர்கோத்து இறந்துவிடும், தாய்க்கும் ஆபத்து. நம்மவர்களிடம் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றுதான் போயிருக்கும். ஆகவே அந்த ஆபத்து அரிது. மலாய்க்காரர்களிடம் ஹீமோகுளோபின் ஈ அதிகம். தனியாக இருந்தால் அது சாது. பீட்டா தலசீமியாவோடு சேர்ந்தால் குருநாகல் கதை. நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் மலாய்ச் சம்பந்தம் தலைமுறைகளாக உண்டு. இப்போது எல்லா வீட்டிலும் எல்லா இனத்திலும் பெண் எடுக்கிறோம், கொடுக்கிறோம். எனவே "எந்த இனத்துக்கு வரும்" என்று கேட்பதைவிட இந்த இருவரிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். சொந்தத்தில் அத்தை மகன், மாமன் மகள் என்று முடித்தால் இருவரிடமும் ஒரே கோளாறு இருக்கும் வாய்ப்பு கூடும் என்பதையும் அம்மாவிடம் மெல்லச் சொல்லிவையுங்கள்.

என் வீட்டுக் கதை ஒன்று. என் தங்கைக்குப் பெண்ணாக வளர்ந்ததிலிருந்தே ஹீமோகுளோபின் பத்து, பத்தரை. ஒரு மருந்தகத்தில் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ஏறவில்லை. மறுபடி கொடுத்தார்கள். வருடக்கணக்கில் மலச்சிக்கலோடு அந்த மாத்திரையை விழுங்கினாள். வீட்டில் சும்மா இருப்பார்களா? முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், அப்புறம் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக் கடையில் சொல்லிவைத்து வாங்கிய சுவரொட்டி. ரத்தம் ஊறும் என்று அம்மா வதக்கிக் கொடுப்பாள். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல், தலசீமியாவில் வீங்குவதும் மண்ணீரல் என்று பின்னால் நினைத்துச் சிரித்திருக்கிறேன். கூடத்தில் வேலை பார்த்தும் எனக்கே வெகுநாள் தோன்றவில்லை. ஒருநாள் அவளுடைய ரத்தத்தை ஸ்லைடில் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. அணுக்கள் பொடிப்பொடியாக, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். இரும்புச்சத்துக் குறைவில் பொதுவாக எண்ணிக்கையும் குறையும். எலெக்ட்ரோஃபோரிசிஸில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் கோடு தடிமனாக இருந்தது, அது பீட்டா மைனரின் அடையாளம். அவளும் மைனர். இரும்புக் கையிருப்பு சரியாக இருந்ததால் அவளுக்கு அந்த மாத்திரையே தேவைப்பட்டிருக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80க்குக் கீழே இருந்தால் குறைவு என்போம். எம்சிஎச், அதாவது ஓர் அணுவில் சராசரியாக இருக்கும் ஹீமோகுளோபின் அளவு, 27க்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டும் குறைந்திருப்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, வெறும் இரும்புச்சத்துக் குறைவு. ஃபெரிட்டின் என்ற பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு, பீட்டா தலசீமியா மைனர். அதில் ஹீமோகுளோபின் ஏ2 வழக்கமாக 3.5 விழுக்காட்டுக்கு மேலே போகும். மூன்று, ஆல்ஃபா. இரும்பும் சரி, ஏ2வும் சரி, அணு மட்டும் சின்னது என்றால் அந்தச் சந்தேகம்தான் வரும். உறுதிப்படுத்த மரபணுப் பரிசோதனை வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இரும்பும் குறைந்து பீட்டாவும் இருந்தால், இரும்புக் குறைவு ஏ2 எண்ணைக் கீழே இழுத்து "ஒன்றுமில்லை" என்று ஏமாற்றிவிடலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுப்பார்கள், அல்லது நேராக மரபணுவையே பார்ப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு வந்திருக்கும் 'மைனர்' ஆல்ஃபாவா பீட்டாவா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேளுங்கள். பாதிப் பதில் அதில் இருக்கிறது.

அவருக்குப் பீட்டா, உங்களுக்கு இரும்புக் குறைவு மட்டும் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. பிள்ளைகளில் சிலர் அம்மாவைப் போல மைனராக இருப்பார்கள், அவ்வளவே. அவருக்குப் பீட்டா, உங்களுக்கு ஆல்ஃபா என்றாலும் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. சைப்ரஸ் கதையை மறுபடி படியுங்கள். இருவருக்கும் பீட்டா என்றால், அல்லது உங்களிடம் ஹீமோகுளோபின் ஈ இருந்தால், அப்போது உட்கார்ந்து பேச வேண்டும். இருவருக்கும் பீட்டா என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு மேஜராகும், அதாவது இரண்டு பிரதியிலும் கோளாறு உள்ள கடுமையான வகையாகும் வாய்ப்பு, நாலில் இரண்டு மைனர், நாலில் ஒன்று எதுவும் இல்லை. இதைப் பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது" என்று நம்பி இரண்டாவது பிள்ளைக்கும் வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பகடையை ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் உருட்டுகிறோம்.

அப்படியே இருந்தாலும் கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் தேசிய தலசீமியா பதிவகம் 1992இலிருந்து இயங்குகிறது. இந்த ஆலோசனையே அவர்களுடைய வேலை, கூடப்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்வார்கள். கரு பதினோரு பன்னிரண்டு வாரம் ஆகும்போது நஞ்சுக்கொடியிலிருந்து துளித் திசு எடுத்து மரபணுவைப் பார்க்க முடியும். கருவை வெளியே உருவாக்கி, சோதித்த பிறகு கருப்பைக்குள் வைக்கும் வழியும் உண்டு. எது வேண்டும், வேண்டாம் என்பது உங்கள் இருவரின் முடிவு. அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் இருவரின் மரபணு மாற்றமும் துல்லியமாக எது என்று கர்ப்பத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள். இங்கே இந்தியர்களிடம் அடிக்கடி காணும் பீட்டா மாற்றம் ஒன்று உண்டு, ஐவிஎஸ்1-5 என்பார்கள். அதுவா வேறா என்று தெரிந்திருந்தால் பின்னால் வாரக்கணக்கில் அலைச்சல் மிச்சம். கர்ப்பம் ஆனபிறகு ஓடிவந்து, நாள் எண்ணிக்கொண்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்களின் முகத்தை எங்கள் கூடத்துச் சன்னலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரும்பு மாத்திரை ஏற்கனவே கொடுத்திருந்தால், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் தொடரவும் வேண்டாம். முடிவு வந்ததும் ஏ2, ஃபெரிட்டின் இரண்டு எண்களையும், அந்தப் பெண்ணின் தாளில் ஆல்ஃபா என்றிருக்கிறதா பீட்டா என்றிருக்கிறதா என்பதையும் எனக்கு எழுதுங்கள்.